தலையாய பிரச்சினைங்க!

தலைப்பப் பார்த்துட்டு ஏதோ நாட்டுப் பிரச்சினைன்னு உள்ள வந்தவங்க அப்படியே யூ டர்ன் அடிச்சுக்கலாம். இது நெசமாவே தலைமுடி பத்தின பதிவு. அதுவும் சாதாரண முடி இல்லைங்க. காலைல எட்டு மணிக்கு சீப்பை உள்ள விட்டா மதியம் தான் வெளிய வரும்கற ரகம். ஒருக்கா ரப்பர் பேண்டு ஒண்ணு உள்ள போயி மூணு நாள் கழிச்சு கெடைச்சுது. நம்புங்க.

நம்மூர்ல சுருட்டை முடிக்கு வயசைப் பொறுத்து மரியாதை மாறும். கைக்குழந்தைக்கு இருந்தா "அட சாமி, எப்படி சுருள் சுருளா இருக்குது பாரு"ன்னு கன்னத்தைக் கிள்ளுவாங்க. அதே முடி பதினாறு வயசுப் புள்ளைக்கு இருந்தா "ஏம்மணி, கொஞ்சம் எண்ணைய வெச்சுப் படிய வாரக்கூடாதா?" பொண்ணு பார்க்க வர்ற வயசுல இருந்தா கேக்கவே வேண்டாம். 1977-ல வந்த '16 வயதினிலே'ல ரஜினிக்கு என்ன பேரு? பரட்டை. வில்லனுக்கு வெக்கற பேரு!

இத்தனைக்கும் பழைய இலக்கியத்துல சுரிகுழல்னு நம்ம முடிக்கு அழகான பேரே இருக்கு. ஆத்துல தண்ணி வடிஞ்ச பிறகு மணல்ல வரிவரியா நெளிவு விழுந்து கிடக்குமே, அதுக்கு அறல்னு பேரு. பெண்களோட கூந்தலுக்கு அந்தக் காலத்துப் புலவர்கள் எடுத்துக்கிட்ட உவமை அது. நேர்க்கோட்டைப் பிடிச்சு ஒருத்தரும் உவமை சொன்ன மாதிரி தெரியல.

செரி, கதைக்கு வர்றேன். கல்யாணத்துக்கு முந்தி ரீபாண்டிங் பண்ணிக்கிட்டேன். அப்புறம் ஆறேழு மாசத்துக்கு ஒருக்கா வேர்ப்பக்கம் டச்-அப். இப்படியே ஆறு வருசம் ஓடுச்சு. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. ஆபீசுக்குக் கிளம்ப அஞ்சு நிமிசம் போதும். பஸ்ஸுல காத்தடிச்சா சினிமா மாதிரி பறக்கும். அந்த ஆறு வருசத்தைப் பத்தி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

நிறுத்தினதுக்குக் காரணம் என் மக. அவளுக்கு அப்ப ஆறு வயசு. முன்பல்லு ரெண்டு விழுந்திருந்த சமயம். தலை வாரிவிட்டுட்டு இருக்கறப்ப கேட்டா: "அம்மா, என்ற முடி எப்ப விழுகும்?"

எதுக்குடா கண்ணுன்னேன்.

"இது விழுந்தாத்தான உங்களுக்கு இருக்கற மாதிரி நல்ல முடி வரும்?"

பால் பல்லு விழுந்து நல்ல பல்லு முளைக்கற மாதிரி, இந்தச் சுருட்டை எல்லாம் பால் முடி, இது கொட்டி நேரா ஒண்ணு வரும்னு அவளா ஒரு கணக்குப் போட்டு வெச்சிருக்கா. அவ மேல என்ன தப்பு? பொறந்ததுல இருந்து என் தலையை அவ நேராத்தான் பார்த்திருக்கா. வீட்டுல வேற யாருக்கும் சுருட்டை கிடையாது. ஆல்பத்துல இருந்த என் பள்ளிக்கூட போட்டோவைக் காட்டினேன். "இது யாரு?"ன்னா. அந்த மாசம் எடுக்க வேண்டிய டச்-அப்புக்கு நான் போகல.

போகாம விட்டுட்டா முடி தானா பழைய மாதிரி ஆயிரும்னு நிறையப் பேர் நினைக்கறாங்க. ஆகாதுங்க. முடி கெரட்டின்ங்கற புரதத்தால ஆனது. அதுக்குள்ள கந்தக அணுக்கள் கைகோத்துக்கிட்டு நிக்கற பிணைப்புகள் இருக்கு. சுருளோட வடிவத்தைப் பிடிச்சு வெக்கறதுல பெரும் பங்கு அதுகளுக்குத்தான். ரீபாண்டிங்ல முதல்ல தயோகிளைகோலேட் கிரீம் போட்டு அந்தக் கையை விடுவிக்கறாங்க. அப்புறம் இஸ்திரி போட்டு நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி ஒண்ணைப் போட்டு நேரா இருக்கற நிலையிலயே திரும்பக் கோத்துவிடறாங்க. அது அப்படியேதான் நிக்கும். தலைக்கு வெளிய இருக்கற முடி உயிரில்லாத பொருள், தன்னைத்தானே சரிபண்ணிக்காது. ஆனா தோலுக்குள்ள இருக்கற வேர்ப்பைக்கு இந்தக் கூத்து எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு வளைஞ்ச முடியைத் தயாரிச்சு வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், மாசத்துக்கு அரை இன்ச் கணக்குல.

ஆக ஒரே தலையில ரெண்டு முடி. மேல சுருட்டை, கீழ நேர். ரெண்டும் சேர்ற இடம் தான் இருக்கறதுலயே பலவீனமான இடம். கொஞ்சம் இழுத்தா அங்கதான் 'டப்'புனு அறும்.

இதுக்கு அமெரிக்காவுல கறுப்பினப் பெண்கள் 'பிக் சாப்'னு ஒண்ணு பண்றாங்க. நேராக்கின முடியை மொத்தமா வெட்டிப் போட்டுட்டு ரெண்டு இன்ச் சுருட்டையோட புதுசா ஆரம்பிக்கறது. அவங்களுக்கு இது வெறும் அழகு சமாச்சாரம் இல்ல. இயற்கையான முடியோட வர்றதுக்காக வேலையிலயோ பள்ளிக்கூடத்துலயோ பாகுபாடு காட்டக்கூடாதுன்னு 2019-ல கலிபோர்னியாவுல சட்டமே போட வேண்டியிருந்துச்சு. அதுக்குப் பத்து வருசம் முந்தி, 2009-ல, கிறிஸ் ராக்ங்கற நகைச்சுவை நடிகர் 'குட் ஹேர்'னு ஒரு ஆவணப்படம் எடுத்தார். அதுல முடியைத் தேடி நம்ம நாட்டுக் கோயில் மொட்டை வரைக்கும் வருவார். படத்தோட பேரைக் கவனிங்க. 'நல்ல முடி'. என் மக சொன்ன அதே வார்த்தை!

நம்மூர் பிக் சாப் எங்கம்மா வாயில இருந்து வந்துச்சு. "எதுக்கு சாமி இத்தன பாடு? பேசாம பழனிக்குப் போயி ஒரு மொட்டையப் போட்டுட்டு வந்துரு. முருகனுக்கும் ஆச்சு, உனக்கும் ஆச்சு." யோசிச்சுப் பார்த்தா அம்மா சொன்னதுல தர்க்கம் இருக்கு. 2021 செப்டம்பர்ல இருந்து அறநிலையத்துறைக் கோயில்கள்ல மொட்டைக்குக் கட்டணமும் கிடையாது. ஆனா எனக்கு மனசு வரலீங்க. அதனால பூமுடி வழியைப் பிடிச்சேன். மொட்டை போட முடியாத பொம்பளைங்க முடி நுனியை மட்டும் கொஞ்சம் காணிக்கையா வெட்டிக் குடுப்பாங்கல்ல, அது. நான் மூணு மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு இன்ச். முதல் தடவை பழனி, மத்ததெல்லாம் ஆர்.எஸ்.புரம் பக்கம் ஒரு பார்லர்ல.

அந்த பார்லர்ல ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம். "மேடம், கெரட்டின் பண்ணிக்கலாமே? ஆஃபர் இருக்கு." நானும் ஒவ்வொரு தடவையும் சிரிச்சுட்டு வருவேன். ஒருநாள் அந்தப் பொண்ணு கிட்டயே கேட்டேன், "சுருட்டை முடி வெட்ட உங்களுக்கு சொல்லித் தர்றாங்களா?" "இல்லீங்க மேடம், நேராக்கித்தான் வெட்டச் சொல்லிக் குடுத்தாங்க." பாவம், அவளுக்கும் நல்ல சுருட்டை. இஸ்திரி போட்டு வெச்சிருந்தா.

இப்ப சிக்கல் விசயத்துக்கு வர்றேன். சிக்கு ஏன் விழுகுது? முடி மேல மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கு, வேர்ல இருந்து நுனி பார்த்து. செதில் தூக்கிக்கிட்டா பக்கத்து முடியோட கோத்துக்கும். சுருட்டை முடி வளைஞ்சு வளைஞ்சு போறதால தலைத்தோல்ல சுரக்கற எண்ணெய் நுனி வரைக்கும் போய்ச் சேராது. அதனால நுனி காஞ்சே கிடக்கும். போதாக்குறைக்கு நம்ம கேஸ்ல மேல இருக்கற சுருள், கீழ தொங்கற நேர் முடியைக் கொடி மாதிரி சுத்திக்கும். சாயங்காலம் பார்த்தா பின்கழுத்துல ஒரு தூக்கணாங்குருவிக் கூடு.

முதல் நாலு மாசம் எல்லாத்தையும் மாத்திப் பார்த்தேன். ஷாம்பூ, கண்டிஷனர், சீப்பு, தலையணை. ஒண்ணும் பெருசா நடக்கல. அப்புறம் சிறுமுகையில அமுச்சி வீட்டுக்குப் போயி நாலு நாள் இருந்தப்ப முடி திடீர்னு சொன்ன பேச்சு கேட்டுச்சு. அதே ஷாம்பூ, அதே சீப்பு. வித்தியாசம் என்னன்னு மண்டையக் குடைஞ்சா, தண்ணி! அங்க பவானி ஆத்துத் தண்ணி. எங்க வீட்டுல குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் சிறுவாணி, குளிக்கறதுக்கு போர்த் தண்ணி. கோயமுத்தூர்க்காரங்களுக்கு இது தெரிஞ்ச கதை தான்: நல்ல தண்ணி தனிக் குழாய், உப்புத் தண்ணி தனிக் குழாய். உப்புத் தண்ணில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் முடி மேல படிஞ்சு சொரசொரன்னு ஆக்கிடுது. நேர் முடியா இருந்தவரைக்கும் தெரியல, சுருட்டையில வெளிச்சம் போட்டுக் காட்டிருச்சு.

அதுக்காக சிறுவாணியை எடுத்துத் தலைக்கு ஊத்தினா ஊர்ப்பாவம் சும்மா விடாது. நான் பண்றது இவ்வளவு தான்: அலசறதெல்லாம் உப்புத் தண்ணி, கடைசி ரெண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணி. அந்த ரெண்டு சொம்பு பண்ற வேலைய ஆயிரம் ரூபா கிரீம் பண்ணல.

அமுச்சி கிட்ட இருந்து இன்னும் ரெண்டு சங்கதி வந்துச்சு. ஒண்ணு அரப்பு. கொங்குப் பக்கத்து ஆளுங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. மத்தவங்களுக்கு: உசில மரத்தோட இலையை நிழல்ல காயவெச்சு இடிச்ச பச்சைப் பொடி. அல்பிசியா அமாரான்னு தாவரவியல் பேரு. வானம் பார்த்த பூமியில தன்னால வளர்ற மரம். எங்க பக்கம் எண்ண தேச்சுத் தண்ணி வாத்துக்கறதுன்னா சீயக்காய்க்கு முந்தி அரப்பு தான் ஞாபகம் வரும். வடிச்ச கஞ்சியில குழைச்சா வழுவழுன்னு வரும். அந்த வழுக்கல் தான் நமக்கு வேணும், விரல் உள்ள போகும்போதே பாதி சிக்கு தானா கழண்டுக்கும். (இதே அரப்பு இலையைப் புளிச்ச மோர்ல ஊறவெச்சு அரப்பு மோர் கரைசல்னு இயற்கை விவசாயக்காரங்க செடிக்குத் தெளிக்கறாங்க. செடி செழிக்கும்போது நம்ம தலை செழிக்காதா :-))

ரெண்டு எச்சரிக்கை. பொடியை அப்படியே போட்டா துகளெல்லாம் சுருளுக்குள்ள மாட்டிக்கும், ரெண்டு நாளைக்குத் தலையில இருந்து பச்சையா உதிரும். மெல்லிய துணியில வடிகட்டி அந்தக் கரைசலை மட்டும் ஊத்துங்க. அப்புறம், அரப்பு எண்ணெயை மொத்தமா உருவிடும். எண்ண வெக்காத தலைக்குப் போட்டா தென்னை நார் தான். பொடி மூக்குல ஏறினா தும்மல் நிக்காது, அது தனி.

இன்னொரு சங்கதி சிணுக்கோலி. எத்தன பேருக்குத் தெரியும்னு தெரியல. சீப்புக்கு முன்னால சிக்கெடுக்கறதுக்குன்னே வெச்சிருந்த குச்சி. அமுச்சியோடது ஒரு சாண் நீளம், வழவழன்னு தேஞ்சு, ஒரு முனை மட்டும் கூரா இருக்கும். முடிச்சுக்குள்ள மெதுவா விட்டு, நெம்பி, ஒவ்வொரு இழையாப் பிரிக்கணும். நுனியில ஆரம்பிச்சு மேல போகணும், மேல இருந்து கீழ இழுக்கவே கூடாது. "எண்ணையில்லாம சீப்ப வெக்காத கண்ணு, அறுந்து போயிரும். சிக்க அவுக்கோணும், அறுக்கக் கூடாது"ன்னு சொல்லிக்கிட்டே என் தலையை ஒரு மணி நேரம் மடியில வெச்சுப் பிரிச்சாங்க. எனக்குத் தூக்கமே வந்துருச்சு.

2001-ல லோரெய்ன் மாஸ்ஸிங்கற அம்மா எழுதின 'கர்லி கேர்ள்' புத்தகத்தால உலகம் பூரா சுருட்டைக்காரங்க ஒரு முறையைப் பிடிச்சுக்கிட்டாங்க. சல்பேட் ஷாம்பூ வேண்டாம், காஞ்ச முடியில சீப்பு வேண்டாம், கண்டிஷனர் போட்டு ஈரத்துலயே விரலால பிரி, டர்க்கி டவல்ல துவட்டாம பழைய டி-ஷர்ட்ல ஒத்தி எடு, இப்படி. படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு. திருப்பூருக்குப் பக்கத்துல இருந்துட்டு பழைய பனியனுக்கா பஞ்சம்? அது இல்லாட்டி ஈரோட்டு ஈரிழைத் துண்டு இருக்கு. வழுவழு தலையணை உறைன்னு ஆன்லைன்ல ஆயிரம் ரெண்டாயிரம்னு விக்கறாங்க. நான் அம்மாவோட கிழிஞ்ச சிறுமுகைப் பட்டுல ரெண்டு தெச்சுக்கிட்டேன். சுருள் நிக்கறதுக்கு ஆளி விதை ஜெல். கால் கப் விதை, ரெண்டு கப் தண்ணி, முட்டை வெள்ளைக்கரு பதம் வர்ற வரைக்கும் கொதிக்கவிட்டு, சூட்டோட சூடா வடிகட்டணும். ஆறிட்டா வடியாது, சட்டியோட மல்லுக்கட்டணும். ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் தாங்கும்.

தேங்கா எண்ணெய்க்கு வர்றேன். சுருட்டைக்காரங்க சில பேர் இதை விரோதி மாதிரி பார்க்கறாங்க. காங்கேயத்துக் காத்துல கொப்பரை வாசம் பிடிச்சு வளர்ந்தவளால ஒத்துக்க முடியல. 2003-ல ஆர்த்தி ரேலே, மொஹிலேன்னு ரெண்டு பேர் தேங்கா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. குளிக்கறதுக்கு முன்ன வெச்சாலும் பின்ன வெச்சாலும் முடியில இருந்து புரதம் போறதைக் குறைச்சது தேங்கா எண்ணெய் மட்டும் தான். அதுல இருக்கற லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறுங்கறதால முடிக்குள்ளயே இறங்கிடும்கறது விளக்கம். (ரெண்டு பேரும் பாராசூட் விக்கற மாரிக்கோ கம்பெனி ஆளுங்கங்கறதையும் சொல்லிடறேன். அப்புறம் நீங்க வந்து கேக்கக் கூடாது.) எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், குளிக்க ஒரு மணி நேரம் முந்தி கொஞ்சமா வெச்சா நல்லது. குளிச்ச பிறகு கை நிறைய அள்ளி வெச்சா தான் சுருள் செத்துப் போகுது.

மருந்து சமாச்சாரம் கொஞ்சம். பயமுறுத்தறதுக்கு இல்ல. அமெரிக்காவுல 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருசம் கவனிச்சு 2022-ல ஒரு ஆய்வு வந்துச்சு. நேராக்கற பொருட்களை வருசத்துக்கு நாலு தடவைக்கு மேல போட்டவங்களுக்கு 70 வயசுக்குள்ள கருப்பைப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு 4.05 சதவீதம், போடாதவங்களுக்கு 1.64. இது ஒரு தொடர்பு தான், இதனாலதான் வந்துச்சுன்னு நிரூபணம் இல்ல. அப்புறம் 2024-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு கடிதம். கிளையாக்சிலிக் அமிலம் கலந்த கிரீமால நேராக்கிக்கிட்ட 26 வயசுப் பொண்ணுக்கு 2020, 2021, 2022-ன்னு மூணு தடவையும் சிறுநீரகம் பாதிச்சிருக்கு. 'ஃபார்மால்டிஹைடு இல்லை'ன்னு எழுதியிருக்கற டப்பாவுல இந்த அமிலம் இருக்கான்னு ஒருக்கா திருப்பிப் பார்த்துக்குங்க. நேராக்கறவங்க நேராக்கிக்குங்க, என்ன போடறாங்கன்னு கேட்டு வாங்குங்க.

ஒரு வருசம் ஆனப்ப தான் இருக்கறதுலயே கேவலமான கட்டம். மேல பொசுபொசுன்னு, கீழ எலிவால். கோபியில ஒரு கல்யாணம். பெரியம்மா தூரத்துல இருந்தே பார்த்துட்டு வந்து கையப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஏஞ் சாமி, ஒடம்பு கிடம்பு செரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கறனுங் பெரீமா. முடி பழையபடி வளத்தறேனுங்."

"வளத்தறயா? எனக்கென்னமோ கொட்டற மாதிரில்ல தெரியுது."

அன்னிக்கு ராத்திரி பார்லருக்கு போன் போட்டு அந்த ஆஃபர் என்ன விலைன்னு விசாரிச்சேன், ஒளிக்காம சொல்றேன். ஆனா அதே கல்யாணத்துல இன்னொண்ணும் நடந்துச்சு. சத்தியமங்கலத்து மல்லி நாலு முழம் வெச்சு விட்டாங்க. நேர் முடியா இருந்த ஆறு வருசமும் மல்லி வழுக்கிக்கிட்டே வரும், ஆறு ஊசி குத்தணும். அன்னிக்கு ஒரே ஊசி. முகூர்த்தம் முடிஞ்சு, பந்தி முடிஞ்சு, வீடு வந்து சேர்ற வரைக்கும் பூ அசையல.

இப்ப ரெண்டரை வருசம் ஆச்சு. பதினஞ்சு இன்ச் சுருட்டை, நாலு இன்ச் நேர். இழுத்துப் பிடிச்சாத்தான் அந்த நீளம், விட்டா தோளுக்கு வந்துரும்.

மகளுக்கு எட்டு முடிஞ்சு ஒன்பது நடக்குது. அவ முடியை 'நல்ல முடி'ன்னு இப்ப சொல்றாளான்னு கேட்டீங்கன்னா, இல்ல. போன மாசம் கூட வகுப்புல யாரோ 'ஸ்பிரிங்'னு கூப்பிட்டாங்கன்னு அழுதுட்டு வந்தா. டீச்சர் வேற 'தலைய ஒழுங்கா வாரிட்டு வா'ன்னு டைரியில எழுதி விட்டுட்டாங்க. ஒழுங்கா வாரித்தான் அனுப்பறேன், ரெட்டைச் சடை, மடிச்சுக்கட்டி ரிப்பன் வெச்சு. மதியத்துக்குள்ள அதுவா வெளிய வந்து நின்னுக்குது. அதையே பதிலா எழுதி அனுப்பினேன்.

2015-ல வந்த 'பிரேமம்' படத்தைப் போட்டு அனுபமா பரமேஸ்வரன் முடியைக் காட்டினேன். "அவங்க அழகா இருக்காங்க, அதனால முடியும் அழகா இருக்கு"ன்னு சொல்லிட்டா. இந்த வயசுலயே என்ன பேச்சு பாருங்க.

அவளாப் பெரியவளாகி நேராக்கணும்னு கேட்டா நான் தடுக்கப் போறதில்ல. அது அவ தலை. ஆனா முடி விழுந்து வேற வரும்னு காத்திருந்தாளே, அது இப்ப இல்ல. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் எண்ண வெச்சுக்கிட்டு முற்றத்துல ஒக்காந்துக்கறோம். அவ தலைய நான் ஆறு பாகமாப் பிரிச்சு வெச்சுக்கிட்டு அவுப்பேன். முடிஞ்சதும் அவ என் பின்னால வந்து ஒக்காந்து, எங்க சுருட்டை முடிஞ்சு எங்க நேர் ஆரம்பிக்குதுன்னு விரலால தடவிக் கண்டுபிடிப்பா. "அம்மா, இன்னும் இவ்வளவு தான் பாக்கி"ன்னு விரல் இடுக்குல அளந்து காட்டுவா. அந்த நாலு இன்ச்சையும் அவதான் வெட்டுவாளாம். முழுப்பரீட்சை லீவு வரட்டும்னு சொல்லியிருக்கேன்.